ரேம் மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் ஒழுங்காக ஆன் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேகம் போதவில்லை என்று ஆசையாக ஒரு ரேம் வாங்கி மாட்டியிருப்பீர்கள். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. வயிற்றில் புளியைக் கரைக்கும் நேரம் அது. சர்வீஸ் மேஜையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இந்த நிலையில் என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். முதலில் தைரியம் சொல்லிவிடுகிறேன்: ரேம் மாற்றியதும் நின்றுபோன கம்ப்யூட்டரில் பெரும்பாலும் எதுவும் எரிந்துபோயிருக்காது. அவசரப்பட்டு ஒரே நேரத்தில் நாலு வேலை செய்யாமல் இருந்தால் போதும்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. முதல் வேலை என்ன?

டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் உள்ள மெஷின் என்றால் மட்டும் முதலில் பதினைந்து நிமிடம் அணைக்காமல் காத்திருங்கள், காரணம் கீழே வருகிறது. மற்றவற்றை ஆஃப் செய்யுங்கள். சுவரில் இருக்கும் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்; சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிறகு பவர் பட்டனைப் பத்து பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் எஸ்எம்பிஎஸ்ஸில் (மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) தங்கியிருக்கும் மின்சாரமும் இறங்கிவிடும். கேபினெட்டின் இரும்பைக் கையால் ஒருமுறை தொட்டுவிட்டு, புது ரேமைக் கழற்றி, பழைய ரேமைப் பழைய ஸ்லாட்டிலேயே மாட்டி ஆன் செய்யுங்கள்.

டிஸ்ப்ளே வந்துவிட்டதா? அப்படியானால் போர்டு, பிராசஸர், எஸ்எம்பிஎஸ் எல்லாம் நன்றாக இருக்கின்றன. பிரச்சினை புது ரேமிலோ, அது உட்கார்ந்த விதத்திலோ, அந்த ஸ்லாட்டிலோ, இரண்டு ரேமும் சேர்ந்து ஓடுவதிலோதான் இருக்க வேண்டும். அடுத்து புது ரேமைத் தனியாக, பழைய ரேம் ஓடிய அதே ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். ஓடினால் ரேமும் நல்லது. பிறகு அதையே அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

பழைய ரேமை மாட்டியும் டிஸ்ப்ளே இல்லையென்றால், வேலை செய்யும்போது கை பட்டு வேறு ஏதாவது நழுவியிருக்கும். பிராசஸருக்குப் போகும் 4 பின் அல்லது 8 பின் பவர் கேபிள், கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டர் கேபிள் மூன்றையும் கழற்றி மாட்டுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் மெஷினில் மானிட்டர் கேபிளை மறந்துபோய் மதர்போர்டில் சொருகிவிட்டு ஒரு மணி நேரம் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரேம் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழுத்தப் பயமாக இருக்கிறது.

இந்தப் பயம்தான் பாதி பிரச்சினைக்குக் காரணம். ஒரு கல்லூரித் தம்பி கேபினெட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். "அண்ணா, மூணு தடவ கழட்டி மாட்டிட்டேன், போர்டு போயிருச்சு போல" என்றார். மெஷினைப் படுக்க வைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். ரேமின் ஒரு முனையில் கிளிப் நேராக நிமிர்ந்து பள்ளத்தில் விழுந்திருந்தது. மறுமுனையில் நகக்கண் அளவு வெளியே சாய்ந்து நின்றது. அந்தப் பக்கம் மட்டும் தங்கப் பட்டையின் மெல்லிய கோடு ஸ்லாட்டுக்கு மேலே மின்னியது. கட்டை விரலை வைத்து அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஆன் செய்ததும் டிஸ்ப்ளே வந்துவிட்டது.

அந்த 'டக்'தான் அடையாளம். மெஷினைத் தரையிலோ மேஜையிலோ படுக்க வையுங்கள். ரேமின் அடியில் இருக்கும் வெட்டும் ஸ்லாட்டில் இருக்கும் மேடும் நேருக்கு நேர் வருகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு முனையிலும் இரண்டு கட்டை விரலை வைத்து நேர் கீழாக அழுத்துங்கள். போர்டு லேசாக வளைவதுபோல் தெரியும், பயப்பட வேண்டாம். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் அசையும் கிளிப் இருக்கும், மறுபக்கம் நிலையாக இருக்கும். அந்த வகையில்தான் நிலையான பக்கம் முழுதாக இறங்காமல் நின்று ஏமாற்றும். வெட்டும் மேடும் பொருந்தவே இல்லையென்றால் பலத்தைக் காட்டாதீர்கள். அது வேறு தலைமுறை ரேம்.

ரப்பர் போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்கிறார்களே?

பழைய ரேமுக்குப் பல நேரம் சரியாகும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று ஊர்களில் தங்கப் பட்டையின் மேல் மங்கலாக ஒரு படலம் படிவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். பென்சில் எழுத்தை அழிக்கும் மிருதுவான வெள்ளை ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் தங்கப் பூச்சையே சுரண்டிவிடும். பட்டையின் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் போகாதபடி பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதில் நனைத்த துணி இன்னும் நல்லது. ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். காய்ந்த பிரஷ் அல்லது ப்ளோயர் போதும்.

நாலு ஸ்லாட் இருக்கிறது. எதில் மாட்டுவது?

இரண்டு ரேம் என்றால் பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது. போர்டில் ஏ2, பி2 என்று அச்சடித்திருக்கும். ஒரே ரேம் என்றால் ஏ2. பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் ஒரே சேனலில் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையே தகவல் போகும் பாதை) ஓடி வேகம் குறையும், சில போர்டுகள் ஆன் ஆகவே அடம்பிடிக்கும். மதர்போர்டு கையேட்டில் ஒரு படமே போட்டிருப்பார்கள், அதுதான் கடைசி வார்த்தை.

புது டிடிஆர்5 மெஷின். ரேம் மாட்டி ஐந்து நிமிடமாகியும் கறுப்புத் திரைதான். போயிற்றா?

கையை எடுங்கள், அணைக்காதீர்கள். இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிடிஆர்5 ரேமின் வேகத்தில் ஒவ்வொரு மின்கம்பித் தடத்திலும் சிக்னல் எந்த நொடிப்பிசிறில் வந்து சேர்கிறது என்று, ரேமோடு பேசும் பகுதியான மெமரி கன்ட்ரோலர் அளந்து பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இதற்கு மெமரி டிரெய்னிங் என்று பெயர். 2022-ல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில் இது நன்றாகவே தெரியும்: ரேம் மாற்றிய முதல் தடவை, பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்த பிறகு, சிமாஸ் கிளியர் (பயாஸ் செட்டிங்கை அழித்து ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுபோவது) செய்த பிறகு, பல நிமிடம் திரையில் எதுவுமே வராது. ரேம் அளவு கூடக்கூட நேரமும் கூடும். தானாகவே ஒன்றிரண்டு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆவதும் உண்டு.

நடுவில் பயந்துபோய் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பதினைந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் என்றால் யுபிஎஸ்ஸில் போட்டு இந்த வேலையைச் செய்யுங்கள். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகும் வரவில்லையென்றால் ஒரே ரேமை ஏ2-வில் வைத்து முயன்று பாருங்கள்.

டிடிஆர்5-ல் இன்னொன்று. 24 ஜிபி, 48 ஜிபி என்ற அளவுகள் 2023-ல்தான் கடைக்கு வந்தன. அதற்கு முந்தைய பயாஸ் உள்ள போர்டு அவற்றைப் புரிந்துகொள்ளாது. பழைய ரேமைப் போட்டு ஆன் செய்து, பயாஸை அப்டேட் செய்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். நாலு ஸ்லாட்டையும் நிரப்புவதும் டிடிஆர்5-க்குப் பெரும் சுமை. ரைசன் 7000 வரிசை பிராசஸருக்கு இரண்டு ரேமில் வேகம் 5200 என்று சொல்லும் ஏஎம்டியே நாலு ரேம் போட்டால் 3600 என்றுதான் சொல்கிறது. 32 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 16 வாங்குங்கள், நாலு 8 வேண்டாம்.

பீப் பீப் என்று கத்துகிறது. சிலதில் விளக்கு மட்டும் மின்னுகிறது. இதற்கு அர்த்தம் உண்டா?

உண்டு, அது உங்களுக்கு நல்ல செய்தியும்கூட. கத்துகிறது என்றால் போர்டுக்கு உயிர் இருக்கிறது. நீளமான பீப் விட்டுவிட்டுத் தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் ரேமைத்தான் சொல்கிறது. பயாஸ் கம்பெனிக்குத் தகுந்தபடி எண்ணிக்கை மாறும், கையேட்டைப் பாருங்கள். புதிய போர்டுகளில் ஸ்பீக்கருக்குப் பதில் ஓரத்தில் நாலு குட்டி விளக்குகள் இருக்கும். டிராம் (DRAM) என்று எழுதியிருப்பது எரிந்தபடியே நின்றால் ரேமில் மாட்டிக்கொண்டிருக்கிறது. டெல்லின் பல லேப்டாப்களில் ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்று மின்னினால் ரேமே தெரியவில்லை என்று பொருள். 2, 4 என்றால் ரேம் பழுது. 2, 5 என்றால் பொருந்தாத ரேம்.

கடைக்காரர் "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்று கொடுத்தார். ஆனாலும் ஓடவில்லையே?

எல்லாவற்றுக்கும் செட் ஆகும் ரேம் என்று ஒன்று கிடையாது. பழைய மெஷினை உயிர்ப்பிக்க நினைப்பவர்கள் அதிகம் பணம் இழப்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் தவறாக மாட்ட முடியாது. சிக்கல் ஒரே தலைமுறைக்குள்தான். டிடிஆர்3 ரேம் 1.5 வோல்ட்டில் ஓடும். டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலும் ஓடும். வெட்டு இரண்டுக்கும் ஒன்றுதான், எதிலும் உட்காரும். ஆனால் இன்டெல் நாலாம் தலைமுறை லேப்டாப்கள் 1.35-ஐ மட்டுமே கொடுக்கும். அதில் சாதாரண டிடிஆர்3-ஐ மாட்டினால் கறுப்புத் திரைதான். லேபிளில் பிசி3எல் என்று அந்த 'எல்' இருக்கிறதா என்று பாருங்கள். அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்புக்கு ரேம் சேர்க்கும் மாணவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றி, லேபிளை போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ மலிவு விலைக்கு டிடிஆர்3 தேடும்போது இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, ஏஎம்டிக்கு மட்டும் என்று விற்கும் ரேம். அதன் சிப்புகள் அடுக்கப்பட்ட முறையே வேறு, இன்டெல் டெஸ்க்டாப் கன்ட்ரோலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. லேபிளில் அந்தக் குறிப்பு இல்லாமலும் வருவதுதான் கொடுமை. இரண்டு, சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம். 16 ஜிபி சொற்ப விலைக்குக் கிடைக்கும், ஸ்லாட்டிலும் அழகாக உட்காரும், வீட்டு மெஷினில் ஓடாது. லேபிளில் வேகத்தின் எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' என்ற எழுத்து வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 'யூ' என்றால்தான் டெஸ்க்டாப்புக்கு உரியது.

போர்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. இரண்டு ஸ்லாட் உள்ள, இன்டெல்லின் பழைய எச்61 போர்டு மொத்தம் 16 ஜிபி தாங்கும், அதுவும் எட்டும் எட்டுமாக. ஒரே குச்சியில் 16 ஜிபி வரும் டிடிஆர்3 அதில் எடுக்காது. அதற்கும் முந்தைய ஜி41 போர்டு இன்னும் கறார்: 4 ஜிபி ரேமில் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருந்தால்தான் ஏற்கும், எட்டே சிப்பில் 4 ஜிபி வரும் புது வகை எடுபடாது. இந்தப் பழைய போர்டுகளில் சிப்பை எண்ணிப் பார்த்து வாங்குவது வெட்கப்படும் காரியம் இல்லை.

8 ஜிபி போட்டேன், 4 ஜிபிதான் காட்டுகிறது.

முதலில் பயாஸில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அங்கே 8 இருந்து விண்டோஸில் மட்டும் 3.2 அல்லது 3.5 என்று வந்தால் உங்கள் விண்டோஸ் 32 பிட். எவ்வளவு ரேம் போட்டாலும் அதற்கு மேல் அது தொடாது, 64 பிட் போட வேண்டும். 64 பிட்டிலும் குறைந்தால், ஸ்டார்ட் மெனுவில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்று தேடித் திறந்து, பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷனில் மேக்சிமம் மெமரி டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். பயாஸிலேயே பாதிதான் தெரிகிறது என்றால் ஒரு ரேமோ ஒரு சேனலோ தெரியவில்லை. ரேம்களை இடம் மாற்றிப் பாருங்கள். எந்த ரேம் போட்டாலும் ஒரே ஸ்லாட் செத்திருந்தால் தூசி, பிராசஸர் சாக்கெட்டில் வளைந்த பின், அளவுக்கு மீறி ஒருபக்கமாக இறுக்கிய கூலர் ஆகிய மூன்றையும் சந்தேகிக்கலாம். ஜி41 மாதிரி மிகப் பழையவை தவிர மற்றவற்றில் மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள்தான் இருக்கிறது என்பதால் அங்கே கோளாறு என்றாலும் ரேம்தான் காணாமல் போகும்.

ஆன் ஆகிறது. ஆனால் ப்ளூ ஸ்கிரீன், ரீஸ்டார்ட், ஹேங்.

இரண்டு ரேமின் வேகம் வேறு வேறாக இருந்தால் குறைந்த வேகத்தில் இரண்டும் ஓடும், அது தவறில்லை. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அதன் அதிக வேகத்தில் ஓட்டும் செட்டிங்) என்று ஆன் செய்திருந்தால் அதை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் ரேம் கெடவில்லை, அந்த வேகத்தை உங்கள் போர்டோ பிராசஸரோ தாங்கவில்லை, அவ்வளவுதான். 3200 என்று வாங்கிய டிடிஆர்4, எக்ஸ்எம்பி இல்லாமல் 2133 அல்லது 2400 என்று காட்டுவதும் பழுதல்ல.

அதற்குப் பிறகும் மெமரி மேனேஜ்மென்ட் என்றோ பேஜ் ஃபால்ட் என்றோ ப்ளூ ஸ்கிரீன் வந்தால் சோதிக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது, ஆனால் அது மேலோட்டம். பென் டிரைவில் மெம்டெஸ்ட்86+ போட்டு, இரவில் ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு பிழை வந்திருந்தாலும் அந்த ரேமோடு வாழாதீர்கள். 'எப்போதாவதுதானே வருகிறது' என்று விட்டால், நீங்கள் சேமிக்கும் கோப்புகள் சத்தமில்லாமல் சிதையும். திருமண வீடியோ எடிட் செய்யும் ஒருவரின் மெஷினில் இதைக் கண்டேன்: பேக்கப் டிஸ்க்கில் நகலெடுத்த கோப்புகளிலேயே சில திறக்கவில்லை. டிஸ்க் நன்றாக இருந்தது, போகும் வழியில் ரேம் கெடுத்திருந்தது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், எது குற்றவாளி என்று தெரியும்.

சிமாஸ் கிளியர் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் வசதி) ஓடுகிறதா என்று யோசியுங்கள். பல புதிய லேப்டாப்களில் விண்டோஸ் 11 இதைத் தானாகவே ஆன் செய்து வைத்திருக்கும். பயாஸ் மாறியதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நின்றுவிடும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வேறு போனில் உள்நுழைந்து எழுதி வைத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள். கீ இல்லாமல் அழுத கண்கள் எனக்குத் தெரியும்.

பிளக்கைப் பிடுங்கி, போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் வைத்திருந்து மாட்டுங்கள். மெஷின் பழையது, பேட்டரி 3 வோல்ட்டிலிருந்து வெகுவாக இறங்கியிருந்தால் புதிதே போட்டுவிடுங்கள்.

சிமாஸ் கிளியருக்குப் பிறகு டிஸ்ப்ளே வந்தது, இப்போது "பூட் டிவைஸ் இல்லை" என்கிறது. ஹார்டு டிஸ்க் போயிற்றா?

போகவில்லை. செட்டிங் எல்லாம் ஃபேக்டரி நிலைக்குப் போய்விட்டது. முன்பு லெகசி என்ற பழைய பூட் முறையில் ஓடிய விண்டோஸ் என்றால் பயாஸில் சிஎஸ்எம்மை (அந்தப் பழைய முறைக்கான செட்டிங்) மறுபடி ஆன் செய்யுங்கள். ஸ்டோரேஜ் முறை ரெய்டில் இருந்து ஏஎச்சிஐக்கு மாறியிருந்தாலும் ப்ளூ ஸ்கிரீன் வரும், திருப்பி வையுங்கள். டிஸ்க்கே பட்டியலில் இல்லையென்றால் ரேம் மாட்டும்போது சாட்டா கேபிள் நழுவியிருக்கும். யாராவது ஃபார்மட் செய்யலாம் என்றால் இந்த மூன்றையும் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். தேதி நேரம் தப்பாக இருந்தால் அதையும் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் வெப்சைட் திறக்காது.

"மெமரி அளவு மாறியிருக்கிறது, எஃப்1 அழுத்தவும்" என்று வந்தால் அது வெறும் தகவல். அழுத்திவிட்டுப் போகலாம்.

லேப்டாப்புக்குத் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

ஷட்டவுன் கொடுத்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் விண்டோஸ் பாதி தூக்கத்தில்தான் இருக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள், பிறகு பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்துங்கள். ரேமைச் சாய்வாக உள்ளே முழுதாகத் தள்ளிவிட்டுத்தான் கீழே அமுக்க வேண்டும். இரண்டு பக்கக் கம்பிக் கிளிப்பும் 'டக்' என்று பிடிக்கும். முழுதாகத் தள்ளாமல் அமுக்கினாலும் பிடித்துவிடும், ஓடாது. ஸ்க்ரூக்களைக் கழற்றிய இடத்தின் வரிசையிலேயே காகிதத்தில் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் போர்டையே துளைத்துவிடும். வாங்குவதற்கு முன், ஸ்லாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும்.

கடையில் "மதர்போர்டு போச்சு" என்கிறார்கள். நம்புவதா?

ஒன்று கேளுங்கள்: "அண்ணே, என் பழைய ரேமை மட்டும் போட்டு எனக்கு முன்னாடி ஒருதடவை ஆன் பண்ணிக் காட்டுங்க." ஓடினால் போர்டு போகவில்லை. ஓடாவிட்டால், நல்ல ரேம் என்று அவர்கள் நம்பும் ஒன்றை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, நல்ல மெக்கானிக் யாரும் மறுக்க மாட்டார். மறுத்தால் மெஷினை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள். ரேமின் பில்லையும், அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் கிழிக்காமல் வைத்திருங்கள். வாரன்டிக்கு சீரியல் நம்பர் அதில்தான் இருக்கிறது. பழைய ரேமையும் புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை விற்காதீர்கள்.